ரூஃப்டாப் டென்ட்: மூடிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களிடம் ரூஃப் ரெயில் (கூரையின் இரு ஓரமும் நீளவாக்கில் ஓடும் கம்பி) வைத்த சிறிய எஸ்யூவி இருக்கிறது. நான், கணவர், 9 வயது மகள், 5 வயது மகன், நான்கு பேரும் விடுமுறை நாட்களில் மண் ரோடுகளில் போய், கூட்டமில்லாத இடங்களில் இரவு தங்க ஆசைப்படுகிறோம். சில பயணங்களில் என் அத்தையும் வருவார். அவருக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. வண்டிக் கூரையில் மாட்டி, ஏணியில் ஏறிப் படுக்கிற கூடாரம் வாங்கலாம் என்று கடையில் ஒரு சாஃப்ட் ஷெல் டென்ட் (துணி உறைக்குள் மடிவது) பார்த்தோம். நான்கு பேர் படுக்கலாம் என்கிறார்கள். உள்ளே அகலம் 183 செ.மீ., எடை 72 கிலோ. கூடவே 24 கிலோ எடையுள்ள தட்டையான பிளாட்ஃபார்ம் கேரியரும் போட்டால் உறுதியாக இருக்குமாம். வண்டியின் கையேட்டில் கூரைச் சுமை 75 கிலோ என்று போட்டிருக்கிறது. "அது வண்டி ஓடும்போதுதான், நின்றால் 300 கிலோகூடத் தாங்கும்" என்கிறார் கணவரின் நண்பர். முன்பணம் கொடுத்துவிட்டோம். இந்த டென்ட் சரியா? ஹார்ட் ஷெல் (கெட்டியான மூடி வைத்தது) எடுத்திருக்க வேண்டுமா? பழையது வாங்கலாமா? ஏணி ஏறுவதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்குமுன் கையேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். 16 வருடமாக வண்டிகளுக்குக் கேரியரும் கூரை டென்ட்டும் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் டென்ட்டை வாங்கிக் கையோடு கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்த டென்ட் உங்கள் வண்டிக்கு வேண்டாம். டென்ட் மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை. அது இன்னும் பெரிய வண்டிக்கான பொருள்.

கையேட்டில் உள்ள 75 கிலோ என்பது, வண்டி ஓடும்போது கூரையின்மேல் இருக்கக்கூடிய மொத்த எடை. மொத்தம் என்றால் டென்ட் மட்டும் இல்லை. குறுக்கே போடும் பார், அதன் கால்கள், போல்ட்டு, டென்ட்டுக்குள் மடித்து வைக்கிற போர்வை, தலையணை எல்லாம் அதில் சேரும். இரண்டு கிராஸ் பாரும் கால்களும் சேர்ந்து சுமார் 6 கிலோ வரும். 72-உம் 6-உம் 78. அதிலேயே கணக்கு தாண்டிவிட்டது. கடைக்காரர் சொல்கிற பிளாட்ஃபார்மைப் போட்டால், பாரைச் சேர்க்காமலே 96 கிலோ. உறுதிக்காகப் போடச் சொன்ன பொருள்தான் உங்கள் கூரையின் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

எடை உச்சியில் இருந்தால் வண்டி வளைவில் சாய்வதும் பக்கக் காற்றில் அலைவதும் கூடும். பிரேக்கையும் யோசித்துப் பாருங்கள். அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது 72 கிலோ டென்ட் தன்னைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை 50 கிலோவுக்கும் மேலான விசையோடு முன்னால் தள்ளுகிறது. இதெல்லாம் நல்ல ரோட்டில், ஒரு தடவை பிரேக் போட்டால். வண்டி செய்கிறவர்கள் கணக்குப் போட்டுத்தான் அந்த 75-ஐ எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் கணவரின் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. நிற்கிற வண்டியின் கூரை, ஓடுகிற வண்டியின் கூரையைவிடப் பல மடங்கு தாங்கும். வண்டி உருண்டால் உள்ளே இருப்பவர்கள் நசுங்கக் கூடாது என்பதற்காகவே கூரைத் தூண்களை அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு விதி உண்டு. 2009-ல் அதைத் திருத்தியபோது, கார் போன்ற இலகு வண்டிகளின் கூரை அந்த வண்டியின் எடையைப் போல 3 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று உயர்த்தினார்கள். ஆனால் அந்த அழுத்தம் தூண்களின் மேல் விழுவது. நீங்கள் நான்கு பேரும் படுக்கும்போது எடை நேரே தூணில் இறங்காது. முதலில் கிராஸ் பாரில் விழுந்து, பாரிலிருந்து அதன் கால்களுக்கு வந்து, கால்களிலிருந்து ரெயிலுக்கும், ரெயிலைக் கூரையோடு பிடித்திருக்கிற சின்னத் திருகுகளுக்கும் போகிறது. அந்தச் சங்கிலியில் எது இளைத்ததோ, அதன் எண்தான் உங்கள் எண். ஆகவே நின்ற நிலைக்கு எவ்வளவு என்பதை நண்பரிடம் கேட்காதீர்கள். வண்டி நிறுவனம் என்ன எழுதியிருக்கிறது, பார் நிறுவனம் என்ன எழுதியிருக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்து, சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்தே வந்த பார் சில வண்டிகளில் பெட்டி, சைக்கிள் வைக்க மட்டுமே ஏற்றது. அதன்மேல் ஆள் படுப்பதை அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் மண் ரோடு என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே 75 என்பதே 75 கிடையாது. குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது கூரைச் சுமை ஒவ்வொரு தடவையும் மேலே எழும்பி அடிக்கிறது. அதனால் சில கேரியர் நிறுவனங்கள், தார் ரோட்டை விட்டு இறங்கினால் தங்கள் எண்ணை 1.5-ஆல் வகுத்துக்கொள்ளச் சொல்கின்றன. உங்கள் கூரைக்கும் அதே கணக்கைப் போட்டால் 50 கிலோ. பாருக்கு 6 போனால் டென்ட்டுக்கு மிஞ்சுவது 44. கடையில் நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய எண் இதுதான்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் என் வண்டியிலேயே ஒரு டென்ட்டை மாட்டிக்கொண்டு போனேன். வரிவரியாக அலை விழுந்து கெட்டிப்பட்ட சரளைக்கல் ரோடு, 120 கிலோமீட்டர். வண்டி முழுக்க ஒரே அதிர்வு என்பதால் கூரையில் கேட்ட சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தால், எட்டு நட்டில் இரண்டைக் காணோம். மூன்றாவதை விரலாலேயே சுற்ற முடிந்தது. டென்ட் இரண்டு விரற்கடை பின்னால் நகர்ந்து, அலுமினியச் சட்டத்தில் பளபளவென்று புதுக் கீறல். பின்னால் ஒரு குடும்பம் வண்டியில் வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் பொருத்துகிற ஒவ்வொரு நட்டின் மேலும், நட்டிலிருந்து சட்டம் வரை குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டுத்தான் வண்டியைக் கொடுக்கிறேன். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். குனிந்து பார்த்தால் போதும், ஸ்பானர்கூட வேண்டாம். நீங்களும் பொருத்துகிறவரிடம் கேட்டு இதைச் செய்துகொள்ளுங்கள். நெயில் பாலிஷ்கூடப் போதும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். பிறகு கரடுமுரடான ரோட்டில் போகும் ஒவ்வொரு நாளும் காலையில் கோட்டைப் பாருங்கள். நைலான் வளையம் வைத்த நட்டுகளைக் கழற்றி மாட்டினால் புதிதாக மாற்றிவிடுங்கள். பல தடவை கழற்றிய பிறகு அந்த நைலான் பிடிக்காது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கடையிலும், எந்த வீடியோவிலும் டென்ட்டைத் திறந்து காட்டுவார்கள். கொக்கியைக் கழற்றினார், ஏணியை இழுத்தார், ஒரு நிமிடத்தில் வீடு தயார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, "இதை மூடிக் காட்டுங்கள்." அதோடு நிறுத்தாமல், "இப்போது நான் மூடுகிறேன், நீங்கள் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்லுங்கள்.

ஏனென்றால், கூரை டென்ட் விரித்திருக்கும்வரை வண்டி நகராது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் இதை நினைத்து டென்ட் வாங்குவதில்லை. என் மகளுக்கு அப்போது 6 வயது. ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தள்ளித் தங்கியிருந்தோம். நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிக்குக் காது வலி என்று அழ ஆரம்பித்தாள். வெளியே மழை. கையில் இருந்த மருந்து கேட்கவில்லை, போயே ஆக வேண்டும். தரையில் அடித்த கூடாரமாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். எங்களுடையது பெரிய சாஃப்ட் ஷெல். மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நனைந்த கேன்வாஸை உள்ளே தள்ளித் தள்ளி மடிக்கிறேன். ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் பிதுங்குகிறது. ஏணியை மேலே புரட்டி, பெல்ட்டை எட்டிப் பிடித்து, டயர்மேல் ஒரு காலை வைத்து ஏறி, மேலுறையின் ஜிப்பைச் சுற்றி இழுக்க வேண்டும். ஈரத் துணி உப்பியதால் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. மொத்தம் 25 நிமிடம் ஆனது. அந்த 25 நிமிடமும் அவள் அழுத சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது. காது சரியாகிவிட்டது. அந்த டென்ட்டை மட்டும் அடுத்த மாதமே விற்றுவிட்டேன்.

அதனால்தான் கடையில் நீங்களே மூடிப் பார்க்கச் சொல்கிறேன். கணவர் துணையில்லாமல், உங்கள் உயரத்தில், உங்கள் கை எட்டுகிற தூரத்தில். கடைசி மூலைப் பெல்ட் எட்டுகிறதா? ஜிப் மூலையில் திரும்பும்போது ஒரு கையால் ஓடுகிறதா? மெத்தை, போர்வையோடு மூடுகிறதா, இல்லை அவற்றை எடுத்து வண்டிக்குள் போட வேண்டுமா? இதற்கு 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் அது உங்கள் டென்ட் இல்லை.

ஹார்ட் ஷெல் பற்றிய உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மூடுவதில் ஹார்ட் ஷெல்லுக்கு ஈடு இல்லை. பட்டையை இழுத்து மூடியைக் கீழே கொண்டுவந்து, பிதுங்கும் துணியைச் சுற்றிலும் உள்ளே திணித்து, கொக்கியைப் போட்டால் முடிந்தது. இரண்டு மூன்று நிமிடம். ஒரு பக்கம் கீலில் நின்று மறுபக்கம் வாய் திறப்பது ஒரு வகை. நான்கு மூலையும் நேராக மேலே எழும்புவது இன்னொரு வகை. முதல் வகை பலத்த காற்றுக்கு நல்லது. கீல் இருக்கிற தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் காற்று மேலேறிப் போய்விடும். இரண்டாவதில் உட்கார்ந்து உடை மாற்ற இடம் தாராளம். ஆனால் ஹார்ட் ஷெல் பெரும்பாலும் 55 கிலோவிலிருந்து 80 வரை எடை இருக்கும், பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் இடம். உங்கள் 44-க்குள் அது வருவது அரிது. உங்களுக்குப் பொருந்துவது சின்ன சாஃப்ட் ஷெல்தான். 120 முதல் 140 செ.மீ. அகலத்தில், 40 கிலோவை ஒட்டி இருப்பவை கிடைக்கின்றன. சின்னதாக இருப்பதாலேயே மூடவும் எளிது.

"அப்படியென்றால் நான்கு பேர் எப்படிப் படுப்பது?" என்று கேட்பீர்கள். 183-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 46 செ.மீ. கூட வராது. வளர்ந்த ஒருவர் தோளை நிமிர்த்திப் படுக்க 55 முதல் 60 வேண்டும். நான்கு பேர் என்று அட்டையில் போட்டிருந்தால் மூன்று பேர் என்று படியுங்கள், மூன்று என்றால் இரண்டு பெரியவர் ஒரு குழந்தை. அந்த 72 கிலோ டென்ட்டை வாங்கியிருந்தாலும் இரண்டாவது இரவு யாராவது ஒருவர் முன் சீட்டில் போய்ப் படுத்திருப்பீர்கள்.

என் யோசனை இது: மேலே சின்ன டென்ட், கீழே வண்டியை ஒட்டி ஒரு சாதாரணத் தரைக் கூடாரம். மேலே நீங்களோ கணவரோ மகளோடு. கீழே மற்றவரும் மகனும். 5 வயதுப் பையனை ஏணி வைத்த டென்ட்டில் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. டென்ட்டின் தரை ஆள் உயரத்தில் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து, வீட்டில் கட்டிலிலிருந்து இறங்குவதுபோல் காலை வைத்துவிடுவான். பெரிய குழந்தையோடு படுத்தாலும் வாசல் பக்கம் நீங்கள் படுங்கள், குழந்தை உள்பக்கம். கொசுவலை ஜிப்பைக் கீழ்வரை இழுத்து மூடுங்கள். வலையைத் தடுப்பு என்று நம்பாதீர்கள், அது பூச்சிக்கு மட்டும்தான்.

அத்தை வருகிற பயணங்களில் அவரை ஏணி ஏறச் சொல்லாதீர்கள். "ஒரு தடவை ஏறிவிட்டால் போதுமே" என்று அவரே சொல்லலாம். பகலில் ஏறிவிடுவார். ராத்திரி கழிப்பறைக்குப் போக ஒரு தடவை, இரண்டு தடவை இறங்க வேண்டும். பனியில் நனைந்த அலுமினியப் படி, வெறும் கால், மறுகையில் டார்ச். முழங்கால் நல்லபடி இருக்கிறவர்களே அங்கே தடுமாறுகிறார்கள். அவருக்குத் தரைக் கூடாரத்தில், தரையிலிருந்து கொஞ்சம் உயரமான மடக்குக் கட்டிலாகப் போட்டுக் கொடுங்கள். உட்கார்ந்து எழ முழங்காலுக்கும் இதம், ஈரமும் ஏறாது.

ஏணியை நினைத்துப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதை மறைத்துக்கொண்டு வாங்காதீர்கள். கடையில் வெறும் காலோடு பத்து தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். ஏணியைப் பார்த்தபடி இறங்க வேண்டும், முதுகைக் காட்டி அல்ல. படி உருளையாக இருந்தால் உள்ளங்கால் வலிக்கும், தட்டைப் படி வைத்ததாகக் கேளுங்கள். விரிந்து வெளியே நீளும் சாஃப்ட் ஷெல்லில் ஏணி ஏறுவதற்கு மட்டுமல்ல. டென்ட்டின் தொங்கும் பாதியைத் தாங்குகிற தூணும் அதுதான். மணலிலோ ஈர மண்ணிலோ அதன் கால் ராத்திரியில் மெல்லப் புதையும், காலையில் பார்த்தால் எல்லோரும் ஒரு பக்கமாக உருண்டு கிடப்பீர்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பலகைத் துண்டு ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்து, ஏணிக்காலுக்கு அடியில் போடுங்கள். வண்டி சமமாக நிற்கிறதா என்பதை ஏணி போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். முழுச் சமம் கிடைக்காவிட்டால் தலைப்பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும்.

துணி விஷயத்தில் விற்பவர்கள் நிறைய எண்கள் சொல்வார்கள். நீர் தாங்கும் அளவு 1,500 மி.மீ. என்றால், அந்தத் துணியின்மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் வரும் அழுத்தம்வரை ஒழுகாது என்று அர்த்தம். அது தேவைதான், ஆனால் மழை பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை. தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும்தான் வரும். பகல் வெளிச்சத்தில் டென்ட்டை விரித்து, உள்ளே போய் எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு தையலை அண்ணாந்து பாருங்கள். ஊசித் துளைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அங்கே தண்ணீர் வரும். பருத்தி கலந்த கேன்வாஸாக இருந்தால் முதல் பயணத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சி நன்றாக நனைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடி ஒருமுறை நனையுங்கள். நூல் உப்பி அந்தத் துளைகளை அடைத்துக்கொள்ளும். பாலியெஸ்டருக்கு இது பலிக்காது, அதில் தையலின்மேல் ஒட்டியிருக்கிற டேப்பை நம்பித்தான் இருக்க வேண்டும். எடைக் கணக்கு உங்களைப் பாலியெஸ்டர் பக்கம்தான் தள்ளும், அதனால் டேப்பை விரல் நகத்தால் ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். புதிதிலேயே உரிந்தால் வேண்டாம்.

பாலியெஸ்டரில் இன்னொரு தொல்லை, உள்ளே வேர்ப்பது. ஓர் ஆள் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வியர்வையிலும் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீரை வெளியே விடுகிறார். மூடிய டென்ட்டில் அது குளிர்ந்த துணியில் படிந்து சொட்டும். பலர் ஒழுகுகிறது என்று என்னிடம் கொண்டுவரும் டென்ட்டில் ஒழுகலே இருக்காது, இதுதான் இருக்கும். குளிரானாலும் எதிரெதிர் இரண்டு ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள். மெத்தைக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள், காலையில் அங்கேயும் ஈரம் இருக்கும். நார் நாராகப் பின்னிய, காற்று புகுகிற ஒரு வலைப் பாயை மெத்தைக்கு அடியில் விரித்தால் பெரும்பாலும் தீரும். டென்ட்டோடு வரும் மெத்தையையும் அப்படியே ஏற்காதீர்கள். அதன்மேல் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். அடிப்பலகை தட்டினால் பக்கவாட்டில் படுப்பவருக்கு இடுப்பு வலிக்கும்.

ஈரத்தோடு மூடிக்கொண்டு வீடு வருவது சில நேரம் தவிர்க்க முடியாதது. வந்த அன்றோ மறுநாளோ திறந்து, எலும்புவரை காய விடுங்கள். மூன்று நாள் விட்டால் கரும்புள்ளி விழும், விழுந்தால் போகாது.

பழையது வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். நான் பலருக்கு அதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய டென்ட்டுகள் நான்கைந்து ராத்திரிதான் கண்டிருக்கும். ஆனால் மூடிய நிலையில் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். திறந்தவுடன் முதலில் தலையை உள்ளே விட்டு மூக்கால் பாருங்கள். பழைய கோணிச் சாக்கு வாசனை வந்தால் பூஞ்சை எங்கோ இருக்கிறது. மெத்தை உறையின் அடிப்பக்கத்திலும் துணி மடிகிற வரியிலும் தேடுங்கள். அடிப்பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது சத்தம் மந்தமாகி, அமுக்கினால் உள்ளே போனால், உள்ளே தண்ணீர் இறங்கி ஊறியிருக்கிறது. கீல் ரிவெட்டுகளை ஆட்டிப் பாருங்கள். அடியில் உள்ள அலுமினியச் சட்டத்தில் துளைகளைச் சுற்றி முடிபோல் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கரடுமுரடு ரோட்டில் அடிபட்டது அங்கேதான் தெரியும். ஹார்ட் ஷெல் என்றால் மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தாங்கு தண்டு) தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிரில் அதன் பலம் இன்னும் குறையும். மத்தியான வெயிலில் தடுமாறிக்கொண்டு நிற்கிற மூடி, குளிர்கிற அதிகாலையில் உங்கள் தலைமேல் இறங்கும்.

பொருத்தும் நாளன்று அளக்கும் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு கிராஸ் பார்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்று டென்ட் கையேட்டில் இருக்கும். சின்ன வண்டியில் பல நேரம் அது கிடைக்காது, அதை முன்பே அளந்துகொள்ளுங்கள். பின்கதவை முழுக்கத் திறந்தால் டென்ட்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். கூரையில் உள்ள ஆன்டெனா துடுப்பை மறந்துவிட்டு மாட்டி, முதல் குழியிலேயே உடைத்தவர்கள் உண்டு. மாட்டி முடித்ததும் தரையிலிருந்து உச்சிவரை அளந்து, அந்த எண்ணை ஓட்டுநருக்கு முன்னால் உள்ள வெயில் மறைப்பில் ஒட்டிவிடுங்கள். அடித்தள வாகன நிறுத்தத்தின் வாசலில் யாருக்கும் அந்த நினைவு வராது.

நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு மட்டும் கூடுவதில்லை, அதன் வர்க்கத்தோடு கூடுகிறது. 80-ல் போகிறவர் 110-க்கு ஏற்றினால் டென்ட்டைப் பின்னால் தள்ளும் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எரிபொருளும் அப்படியே கரையும். பயணம் இல்லாத மாதங்களில் கழற்றி வைக்க இடமும், தூக்க இன்னும் ஓர் ஆளும் இருக்கிறார்களா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் அல்லது கையேட்டில் வண்டியின் மொத்த அனுமதி எடை இருக்கும். வண்டியின் சொந்த எடை, கூரை டென்ட், ஐந்து பேர், பெட்டிகள், லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் தண்ணீர் கேன்கள், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அத்தையும் வரும் பயணத்தில் சின்ன எஸ்யூவிக்கு இது இழுத்துப் பிடிக்கும்.

குழந்தைகளோடு போகிறீர்கள் என்பதால் இரண்டு விஷயங்களில் எந்தச் சமரசமும் வேண்டாம். எவ்வளவு குளிர் அடித்தாலும் டென்ட்டுக்குள்ளோ அதன் வாசலிலோ அடுப்பு, கரி, எரிவாயு ஹீட்டர் எதையும் வைக்காதீர்கள்; ராத்திரி இன்ஜினையும் ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. அடுத்தது, இடி கேட்டால் மேலே இருக்காதீர்கள். துணியும் சட்டமும் உங்களைக் காக்காது. எல்லோரும் வண்டிக்குள் வந்து கதவு, கண்ணாடியை மூடிக்கொள்ளுங்கள். இடி நின்று அரை மணி நேரம் கழிந்த பிறகு மேலே போகலாம்.

முன்பணத்தைப் பற்றி. கடைக்காரரிடம் கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டி, "இந்த எடை என் வண்டிக்கு ஏறாது, சின்னதாக மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவரிடம் 44 கிலோவுக்குள் எதுவும் இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அவர் தயங்கினால், அந்த முன்பணம் போனாலும் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். பிளாட்ஃபார்ம் கேரியர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் ரெயிலுக்குப் பொருந்துகிற, டென்ட் போடலாம் என்று எழுத்தில் சொல்கிற இரண்டு நல்ல கிராஸ் பார் போதும்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுக்க முடிந்தால் இரண்டு ராத்திரி எடுங்கள். ஒரு ராத்திரி போதாது, முதல் ராத்திரி எல்லாமே புதுமையாக இருக்கும். இரண்டாவது நாள் விடியற்காலை, இருட்டு விலகுமுன் எழுந்து, கணவரைக் குழந்தைகளோடு வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நீங்கள் ஒருவரே மூடுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள். கூடவே உங்கள் ரெயில் கூரையிலிருந்து எழும்பி நிற்கிறதா, ஒட்டிப் படிந்திருக்கிறதா என்பதையும் எழுதினால், எந்த வகைக் கால் வைத்த பார் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.